ஊருக்குப் போகையில் தொக்கணமும் நிணநீர் மசாஜும்

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களின் திட்டத்தில் கல்யாணம், குலதெய்வக் கோயில், பட்டுப்புடவைக் கடை ஆகியவற்றோடு இப்போது ‘ஒரு வாரம் எண்ணெய் வைத்தியம்’ என்பதும் சேர்ந்துகொண்டது. டொரன்டோவிலும் லண்டனிலும் கொடுக்கும் காசை நினைத்தால் ஊரில் மலிவுதான். ஆனால் கழுத்துப் பிடிப்புக்காக வருகிறவரும், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கி வருகிறவரும் ஒரே கதவைத் தட்டக் கூடாது. முன்னவருக்குத் தேவை எண்ணெயும் அழுத்தமும். பின்னவருக்கு அழுத்திப் பிடிப்பதே கேடு.

வலிக்காக வருகிறவர்களுக்குச் சித்த மருத்துவத்தின் தொக்கணம் என்னும் மசாஜ் முறை இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி ஒன்பது வகையாக அதைப் பிரிப்பார்கள். சென்னை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, யாழ்ப்பாணத்தில் கைதடி சித்த போதனா மருத்துவமனை போன்ற இடங்களில் முதலில் வெளிநோயாளியாகச் சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூட்டம் இருக்கும், காத்திருக்கத்தான் வேண்டும். தனியார் இடமானாலும் மருத்துவர் பார்க்காமல் நேரே படுக்கைக்கு அனுப்புகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரத்த அழுத்தம் பார்க்காமல், நீரிழிவு உண்டா என்று கேட்காமல் எந்தத் தைலத்தைத் தேய்க்கப் போகிறார்கள்?

உள்ளே நடப்பது பலருக்கும் முதல்முறை கூச்சமாக இருக்கும். உடைகளைக் களைந்து கோவணமோ ஒரு துண்டோ கட்டிக்கொண்டு மரப்படுக்கையில் படுக்க வேண்டியிருக்கும். ஆண்களுக்கு ஆணும் பெண்களுக்குப் பெண்ணும் செய்வதுதான் வழக்கம். இருந்தாலும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள், துணைக்கு ஒருவர் உள்ளே இருக்கலாமா என்பதையும் சேர்த்து. இளஞ்சூடான எண்ணெய், பிறகு ஒற்றடம் அல்லது வேது (ஆவி பிடிப்பது), கடைசியில் வெந்நீர்க் குளியல். வலி பொறுக்கவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். “கொஞ்சம் மெதுவாக, அண்ணா” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அன்று பகலில் தூங்காதே, வெயிலில் அலையாதே, குளிர்ச்சியானதைத் தொடாதே என்பார்கள். விமானத்திலிருந்து நேற்று இறங்கியவரால் பகல் தூக்கத்தை விரட்ட முடியாது. ஆகவே இரண்டு மூன்று நாள் கழித்தே தொடங்குங்கள்.

அப்படித் தள்ளிப்போடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிக்கிறது என்றால் காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். “கொண்டா, காலைப் பிடித்துவிடுகிறேன்” என்று அத்தை அன்போடு எண்ணெய்க் கிண்ணத்துடன் வருவார். விடாதீர்கள். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டிய விஷயம் இது. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.

இனி, கை கால் வீக்கத்தோடு வருகிறவர்களுக்கான நிணநீர் மசாஜ். 1930களில் பிரான்சில் பணியாற்றிய டென்மார்க் நாட்டுத் தம்பதியர் எமில் வோடரும் எஸ்ட்ரிட் வோடரும் உருவாக்கிய முறை இது. முதல்நாள் போய் வந்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள்: “தடவித்தானே விட்டார், இதற்கா இவ்வளவு?” தடவுவதுதான் வைத்தியம். நிணநீர் என்பது உடலின் திசுக்களிலிருந்து வடியும் நீர் (lymph). அது தேங்கினால் வீக்கம். அதை எடுத்துச் செல்லும் குழல்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. ஓங்கி அழுத்தினால் அவை நசுங்கும். எண்ணெய் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் தோலை வழுக்காமல் மெல்ல இழுத்து விட வேண்டும். வீங்கிய கையை உடனே தொடவும் மாட்டார்கள். நிணநீர் கடைசியில் ரத்தத்தில் சேரும் இடம் கழுத்தடியில் காறை எலும்பின் அருகே இருப்பதால் அங்கே தொடங்கி, உடற்பகுதிக்கு வந்து, அதன் பிறகே கைக்கு வருவார்கள். சுமார் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முடிந்ததும் பல அடுக்காகப் பேண்டேஜ் சுற்றுவார்கள். அதைச் சுற்றாமல் அனுப்பினால் வடிந்தது மறுபடி தேங்கும். சரியான இடமா என்று தெரிந்துகொள்ள நான் பார்க்கும் முதல் அடையாளம் இந்தப் பேண்டேஜ்தான். ‘டிடாக்ஸ்’, ‘பத்து நாளில் எடை குறையும்’ என்று விளம்பரப் பலகை வைத்திருக்கும் ஸ்பாக்கள் வேறு வியாபாரம். நிணநீர் மசாஜால் கொழுப்புக் கரையாது.

பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் பிசியோதெரபிப் பிரிவில் விசாரியுங்கள், இதற்கெனப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று. கேரளத்தின் காசர்கோட்டில், யானைக்கால் வீக்கத்துக்கு ஆயுர்வேதம், யோகா, பேண்டேஜ் மூன்றையும் நவீன மருத்துவத்தோடு இணைத்துச் செய்யும் நிறுவனம் ஒன்றும் இருக்கிறது. எங்கே போனாலும் வீக்கத்தை வடிக்கும் முதல்கட்டச் சிகிச்சைக்குத் தினமும் வந்து போக இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டும். பத்து நாள் விடுமுறையில் மூன்று கல்யாணத்துக்கு நடுவே இதைச் செருகாதீர்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் வெளிநாட்டில் தொடங்கிய சிகிச்சையைக் கெடுத்துக்கொள்ளாமல் திரும்பினாலே போதும்.

கெடுக்கக்கூடியவை ஊரில் நிறைய. தையல்காரரிடம் வீங்கிய கைக்கு மட்டும் ரவிக்கையைத் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். இறுக்கமான வளையலைச் சோப்புப் போட்டு ஏற்றுகிற பழக்கத்துக்கு இந்த முறை விடுமுறை. ரத்த அழுத்தம் பார்க்க, ஊசி போட மறுகையைக் காட்டுங்கள். கால் வீக்கக்காரர்களுக்குக் கோடை வெயிலில் கோயில் பிரகாரத்தின் கொதிக்கும் கல்லும், மாலையில் கொசுவும் எதிரிகள். ஒரு கீறலோ கடியோ வழியாகக் கிருமி புகுந்தால் தோல் சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வரும். அப்போது மசாஜை நிறுத்திவிட்டு உடனே ஆன்டிபயாட்டிக்குக்கு மருத்துவரிடம் போங்கள். இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களும் தங்கள் மருத்துவர் சம்மதிக்காமல் நிணநீர் மசாஜுக்குப் படுக்கக் கூடாது. அழுத்தக் கையுறை, காலுறைகளை இரண்டு ஜோடியாக எடுத்துச் செல்லுங்கள். வியர்வையில் தினமும் துவைக்க வேண்டிவரும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் சிகிச்சைக்கென்றே இந்தியா வருகிறவர்களுக்கு 2023 முதல் ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தம் போன்ற மரபு மருத்துவங்கள்) விசா என்று தனிவகை இருக்கிறது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை. பற்பம், செந்தூரம் போன்ற உள்மருந்து கொடுத்தால் அதில் என்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அந்தச் சீட்டைத் தங்கள் மருத்துவரிடம் காட்டாமல் ஒரு வேளைகூடச் சாப்பிட வேண்டாம். தைலப் புட்டிகளை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள், புடவைகளுக்கு எட்டாத மூலையில்.