வேலூரில் பீட்டில்ஸ் கேட்கக் கூட்டம் சேர்ப்பது எப்படி?

வேலூரில் உட்கார்ந்துகொண்டு பீட்டில்ஸ் என்ற 1960களின் பிரிட்டிஷ் ராக் குழுவைக் கேட்க யார் வரப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். வருகிறார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை, காட்பாடி காந்தி நகர்ப் பக்கம் ஒரு ட்யூஷன் சென்டரில் கூடி ஒரு முழு ஆல்பத்தைக் கேட்கிறோம், டீ குடிக்கிறோம், கொஞ்சம் சண்டை போடுகிறோம், அப்புறம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறோம். உங்களுக்குப் பிடித்த குழுவுக்கு உங்கள் ஊரில் இப்படி ஒன்று தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பீட்டில்ஸ் யார், லிவர்பூலில் எப்படிச் சேர்ந்தார்கள், 1970இல் ஏன் பிரிந்தார்கள் என்ற கதையெல்லாம் இங்கே இல்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பிக்காதீர்கள். முதல் நாள் எல்லோரும் கும்பிடு போடுவார்கள், ஒரு வாரத்தில் குட் மார்னிங் படம் வரும், அப்புறம் மழை எச்சரிக்கை ஃபார்வர்ட். பாட்டை மட்டும் காணோம். ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பாட்டை வாய் திறக்காமல் கேட்டவர்கள்தான் அடுத்த மாதமும் வருகிறார்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: முதல் ஐந்து பேர்

ஐந்து பேர் போதும். கல்லூரி வாசலில் போஸ்டர் ஒட்டாதீர்கள். கிடாரோடு பாட வருவார்கள், கேட்க வரமாட்டார்கள்.

பழைய ரெக்கார்டிங் சென்டர்க்காரர்களைத் தேடிப் போங்கள். எழுதிக் கொடுத்த லிஸ்ட்டை 60 நிமிட, 90 நிமிட கேசட்டில் பதிந்து தந்தவர்கள். கடை இப்போது செல்போன் கவர் விற்கும் கடையாகியிருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் யார் இங்கிலீஷ் பாட்டு கேட்டு வந்தார்கள் என்பது அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். "மின்வாரியத்துல இருந்தாரே, இப்ப ரிட்டயர்டு, சத்துவாச்சாரில இருக்காரு" என்று ஒரு துப்பு கிடைத்தால் போதும். அடுத்து சர்ச் பாடகர் குழுக்கள், கிடார் வாத்தியார்கள். கிடார் வாத்தியாரிடம் மாணவர்களைக் கேட்காதீர்கள், அவரையே கூப்பிடுங்கள். அவரை உட்காரவைத்துப் பாட்டு போட்டுக் காட்ட இங்கே யாருமே இல்லை.

மூன்றாவது இடம் எங்கள் ஊருக்கே உரியது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ் தெருக்களில் பாதி போர்டுகள் வங்காளத்தில் இருக்கும். கல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்களோடு துணைக்கு வருபவர்கள் வாரக்கணக்கில் இங்கேயே தங்குகிறார்கள். ஷில்லாங், கோஹிமா, ஐஸ்வால் பக்கத்து ஆட்களுக்கு ராக் இசை வீட்டுப் பாட்டு மாதிரி. ஞாயிறு மாலை அவர்களுக்குப் போக இடமில்லை. லாட்ஜ் ரிசப்ஷனில் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் ஒரு தாளை ஒட்டிவையுங்கள். என்ன ஆல்பம், எங்கே, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடியும். முடியும் நேரம் கட்டாயம் வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டியவர்கள் அதைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள்.

அவர்கள் வந்தால் ஒரே ஒரு விதி. யாருக்கு உடம்பு சரியில்லை, என்ன வியாதி என்று யாரும் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நம் ஆட்களுக்கு இது கஷ்டம்தான், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

(என் சித்தப்பா வைத்திருந்த பீட்டில்ஸ் எல்பி இசைத்தட்டு கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சானது. அதை ஒருநாள் எடுத்துக்கொண்டு போனேன். உறையைத் திருப்பிப் பார்த்த ஒரு கல்கத்தாக்காரர், டம்டம் என்ற பெயரைக் கண்டதும் அதைக் கடைசிவரை கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.)

படி 2: இடம்

மொட்டை மாடி வேண்டாம். நம் வெயிலுக்கு ராத்திரி எட்டு மணிவரை தரை சுடும், ஒலியும் காற்றோடு போய்விடும். சட்டச் சிக்கலும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். வெளியில் ஒலிபெருக்கி வைக்க அனுமதி வேண்டும், ராத்திரி 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது.

என் ஓட்டு ட்யூஷன் சென்டருக்கு. ஞாயிறு மாலை காலியாக இருக்கும், பெஞ்சு இருக்கும், ஃபேன் இருக்கும், வாடகையும் அதிகமில்லை. கான்கிரீட் அறை என்பதால் எதிரொலி வரும். தரையில் ஜமுக்காளம் விரித்து, ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் பாதி சரியாகிவிடும்.

படி 3: ஒலி (இங்கேதான் சிக்குவீர்கள்)

எங்களுடைய ஆரம்பக் கூட்டம் ஒன்றில் 1963ஆம் ஆண்டு ஆல்பத்தைப் போட்டோம். தெரிந்த மைக் செட் அண்ணன் ஒரு பெரிய பாக்ஸ் கொண்டுவந்திருந்தார். போனில் இருந்து ஒற்றை ஒயரில் இணைப்பு. டிரம்ஸ் கேட்கிறது, கிடார் கேட்கிறது, குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. "இன்னா தம்பி, மேளம் வந்துட்டுது, பாடறவன் இன்னும் வர்லயா?" என்றார் அண்ணன். ஒயரை மாற்றினோம், போனை மாற்றினோம், பாக்ஸைத் தட்டியும் பார்த்தோம்.

ஒயரிலும் கோளாறில்லை, போனிலும் கோளாறில்லை. பீட்டில்ஸின் முதல் இரண்டு ஆல்பங்களும் லண்டன் ஆபி ரோட்டில் இருந்த இஎம்ஐ ஸ்டூடியோவில் இரண்டு டிராக் டேப்பில் பதிவானவை. ஒரு டிராக்கில் வாத்தியம், இன்னொன்றில் குரல். அன்றைக்கு முக்கியமானது மோனோதான், அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாக வருவது. இரண்டையும் சரியான அளவில் கலப்பதற்காகத்தான் அப்படிப் பிரித்து வைத்தார்கள். ஸ்டீரியோவில் வெளியிடும்போது வாத்தியம் இடப் பக்கம், குரல் வலப் பக்கம் என்று அப்படியே போய்விட்டது. ஒற்றை ஒயர் இடப் பக்கத்தை மட்டும் எடுக்கும். அப்புறம் பாடுகிற ஜான் லெனன் எங்கிருந்து வருவார்?

சரிசெய்ய மூன்று வழி உண்டு. போன்தான் கருவி என்றால் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவி இருந்தால், ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு தனித்தனிப் பின்னும் உள்ள ஒயர் வாங்கி, இரண்டையும் இரண்டு சேனலில் செருகி, ஒலியை இடமோ வலமோ தள்ளும் பான் குமிழை நடுவில் வையுங்கள். மூன்றாவது, வேறு பதிப்பைப் போடுவது. 2009இல் மோனோ ஆல்பங்கள் தனிப் பெட்டியாக வந்தன. 2023இல் வந்த 1962–1966 தொகுப்பில், ஒரே டிராக்கில் ஒட்டிக்கிடந்த ஒலிகளைக் கணினியால் பிரித்துப் புதிதாகக் கலந்திருக்கிறார்கள். அதில் குரல் நடுவில் இருக்கும்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு இதைவிட மலிவு. வீட்டுப் பரணில் கிடக்கும் டிவிடி பிளேயரை இறக்குங்கள். சிடி அதில் ஓடும். பின்னாலிருக்கும் சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து ஒரு சாதாரண வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிபயருக்கு ஒயர், அதிலிருந்து இரண்டு சின்ன ஸ்பீக்கர். நடுவில் விளம்பரம் வராது, யாருடைய மாமியாரும் கால் பண்ணமாட்டார். கல்யாண வீட்டு ப்ளூடூத் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிடார் எல்லாமே ஒரே 'டும்'தான்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஆரணியிலிருந்து ஒரு நண்பர், "1969 ஆல்பத்திலும் குரல் மறைகிறதே, அது நடுவில்தானே இருக்க வேண்டும்?" என்று எழுதியிருந்தார். அவர் போனின் ஸ்டீரியோ பின்னை, மூன்று ஊசி மைக் பின்னாக மாற்றிச் செருகியிருக்கிறார். அந்த மைக் துளை இரண்டு கம்பிகளில் வருவதன் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். இரைச்சலைக் கழிக்க அப்படி ஓர் ஏற்பாடு. இடத்திலும் வலத்திலும் ஒரே மாதிரி இருப்பது, அதாவது நடுக் குரல், ஒன்றையொன்று கழித்துக்கொண்டு காணாமல் போகும். போனில் மோனோவை ஆன் செய்தால் இங்கே இன்னும் மோசம், எதுவுமே கேட்காது. மேலே சொன்ன இரட்டைப் பின் ஒயர்தான் இதற்கு வழி.

படி 4: எந்த ஆல்பம் முதலில்

பிரிட்டனில் வந்த 12 ஆல்பங்களோடு 1967இன் 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' சேர்த்து 13. மாதம் ஒன்று என்றால் ஒரு வருஷத்துக்கும் மேல் வண்டி ஓடும். வரிசையாகவே போகலாம், ஆனால் தொடக்கத்துக்கு மட்டும் 1965 டிசம்பரில் வந்த 'ரப்பர் சோல்' போடுங்கள். மொத்தமே 35 நிமிடம். இரண்டாவது பாட்டில் குழுவின் கிடார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாசிக்கிறார். லண்டன் கடையில் வாங்கிய சாதாரண சிதார், அப்போது சிதார் மேதை ரவிசங்கரிடம் கற்கத் தொடங்கவும் இல்லை. நம் காதுக்கு அந்த வாசிப்பு குழந்தை எழுதின எழுத்து மாதிரிதான். ஆனால் பீட்டில்ஸ் கேட்டே பழக்கமில்லாத ஒரு வீணை டீச்சர் எங்கள் கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த இடத்தில்தான்.

பின்னால் 1967 'சார்ஜென்ட் பெப்பர்' வரும்போது, எல்பியின் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டில் தில்ரூபாவும் (வில்லால் வாசிக்கும் நரம்பு வாத்தியம்) தபலாவும் இருக்கும். ஹாரிசன் ரெண்டே வருஷத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று அன்றைக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம். அந்த டீச்சரே சொல்லிவிடுவார்.

படி 5: கூட்டத்தை நடத்துவது

ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழரைக்கு முடியுங்கள். ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூரிலிருந்து வருபவர்களுக்கு பஸ் வேண்டும். அறிமுகம் பத்து நிமிடம், அதுவும் மூன்று தகவலுக்கு மேல் கூடாது. உதாரணத்துக்கு, முதல் ஆல்பத்தின் 14 பாட்டில் பத்தை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிந்தார்கள். இது ஒன்று போதும், காது தானாகக் கூர்மையாகிவிடும். அப்புறம் முதல் பக்கம், டீ, இரண்டாம் பக்கம், பேச்சு. பாட்டு ஓடும்போது பேச்சு கிடையாது. போன் பைக்குள்.

பேச்சில் ஒரு நிபந்தனை உண்டு. இன்று காதில் விழுந்ததைச் சொல்ல வேண்டும், வீட்டில் படித்துவிட்டு வந்ததை அல்ல. ஒவ்வொரு ஊரிலும் "அது தெரியுமா, இது தெரியுமா" என்று புதியவர்களை மிரட்டும் ஒரு சார் இருப்பார். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். "அடுத்த மாசம் அறிமுகம் நீங்கதான் சார், பத்தே நிமிஷம்" என்று பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் சார் இப்போது கடிகாரம் பார்த்துப் பேசுகிறார்.

'சார்ஜென்ட் பெப்பர்' மாதத்துக்கு ஒரு தனி ஏற்பாடு. கடைசிப் பாட்டின் முடிவில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் ஈ மேஜர் என்ற சுரக் கூட்டை ஓங்கி அடிப்பார்கள். அது தேய்ந்து தேய்ந்து 40 விநாடிவரை நிற்கும். ஒலி குறையக் குறைய மைக் அளவை ஏற்றிக்கொண்டே போயிருப்பதால், கடைசியில் ஸ்டூடியோவில் ஒரு நாற்காலி கிரீச்சிடுவது கேட்கும். நம் அறையில் ஃபேன் சுற்றினால் கேட்காது. ஃபேனை நிறுத்தினால் பழைய டியூப்லைட்டின் சோக் 'உம்ம்' என்று கத்தும். எனவே சுவிட்ச் போர்டு பக்கம் பொறுப்பான ஒருவரை உட்காரவைத்து, பியானோ விழுந்ததும் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் இதை வைக்காதீர்கள்.

படி 6: காசும் சட்டமும்

டிக்கெட் போடாதீர்கள். வாசலில் ஒரு டப்பா வையுங்கள், வாடகையும் டீயும் அதிலேயே தேறிவிடும். லாப நோக்கமில்லாத கிளப் அல்லது அதுபோன்ற அமைப்பு தன் செயல்பாட்டின் பகுதியாக ஒலிப்பதிவைக் கேட்கச் செய்தால் அது மீறல் ஆகாது என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஹோட்டல், காபி ஷாப்பில் நடத்தினால் கதை வேறு, உரிமம் கேட்பார்கள். பாட்டு ஆப்களின் நிபந்தனையிலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கும். நான் சிடியை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சங்கமாகப் பதிவு செய்ய ஆசை வந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இருக்கிறது. அவசரமில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆரம்பித்தால் பாட்டு கேட்க நேரமிருக்காது.

வாட்ஸ்அப் குரூப்பை இப்போது ஆரம்பிக்கலாம். அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2: தின்பண்டம் கொண்டுவரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் ராணிப்பேட்டைக்காரர்கள் கொண்டுவரும் ஆற்காடு மக்கன் பேடா கையெல்லாம் பாகு. எல்பி உறையைச் சுற்றுக்கு விடுவதென்றால் பேடாவுக்கு முன்னால் விட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை 3: குழந்தைகளை அழைத்து வரலாமா? வரலாம். 1969 'யெல்லோ சப்மரீன்' மாதத்தில் நாங்களே கூப்பிடுகிறோம். முதல் பக்கம் அவர்களுக்குப் பிடிக்கும். இரண்டாம் பக்கம் முழுக்க தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் வாத்திய இசை, பாட்டே கிடையாது. அது ஆரம்பிப்பதற்குள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிடுங்கள்.