ஊகிக்காமல் சுடோகு: எண்களை நீக்கி விடை காணும் முறை

எளிய சுடோகு கைவந்த பிறகு கடினமானதை எடுப்பவர்கள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அதற்குமேல் ஓர் எண்ணும் நகராது. உடனே, "இங்கே 4 என்று வைத்துப் பார்ப்போம்" என்று கை துறுதுறுக்கும். பத்து நிமிடம் கழித்து ஒரே வரிசையில் இரண்டு 8 வந்து நிற்கும். எங்கே பிசகியது என்று தெரியாததால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து ஊகிக்காதீர்கள். அந்த இடத்தில்தான் இந்தப் புதிரின் அழகே தொடங்குகிறது.

ஜப்பானில் நிகோலி நிறுவனம் 1984-இல் இதை வெளியிட்டபோது சூட்டிய நீண்ட பெயரின் சுருக்கம்தான் சுடோகு. 'எண்கள் தனித்தே இருக்க வேண்டும்' என்பது அதன் பொருள். ஓர் எண்ணின் இடம் உறுதியானால் அதே வரிசை, நெடுவரிசை, மூன்றுக்கு மூன்று சதுரம் ஆகியவற்றில் வேறெங்கும் அது வரக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால், இடம் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 'இந்த இரண்டு கட்டங்களில் ஒன்று' என்று தெரிந்தாலே போதும், மற்ற இடங்களில் அந்த எண்ணை நீக்கத் தொடங்கலாம். கீழே வரும் உத்திகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்தின் விரிவுதான்.

படி 1: பென்சில் குறிப்பு

காலியான ஒவ்வொரு கட்டத்திலும், வர வாய்ப்புள்ள எண்களைப் பொடியாக எழுதுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு குறிப்பு விடுபட்டாலும் பின்னால் வரும் தர்க்கம் முழுவதும் தவறாகிவிடும். ஓர் எண்ணை நிரப்பியவுடன் அதன் வரிசை, நெடுவரிசை, சதுரத்தில் உள்ள குறிப்புகளை அப்போதே அழித்துவிடுங்கள்.

படி 2: ஜோடி எண்கள்

5-ஆம் வரிசையின் 2-ஆம் கட்டத்திலும் 8-ஆம் கட்டத்திலும் 3, 7 மட்டுமே குறிப்பாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எது எங்கே என்று தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு எண்களும் அந்த இரண்டு கட்டங்களுக்கே உரியவை. அதே வரிசையின் 4-ஆம் கட்டத்தில் 3, 7, 9 என்று இருந்தால், 3-ஐயும் 7-ஐயும் அழியுங்கள். அங்கே 9 கிடைத்துவிட்டது.

படி 3: சதுரத்திலிருந்து வரிசைக்கு

இடப்புற மேல் சதுரத்தில் 4 வரக்கூடிய கட்டங்கள் எல்லாமே 2-ஆம் வரிசையில் அமைந்திருந்தால், அந்த வரிசைக்கான 4 அந்தச் சதுரத்துக்குள்தான் இருக்க வேண்டும். எனவே, 2-ஆம் வரிசையின் மீதி ஆறு கட்டங்களிலும் 4-ஐ அழிக்கலாம். கண் பழகிவிட்டால் இது சில விநாடி வேலை.

படி 4: எக்ஸ்-விங்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதற்கு ஒரே ஓர் எண்ணை மட்டும் பின்தொடர வேண்டும். 6-ஐ எடுத்துக்கொள்வோம். 2-ஆம் வரிசையில் 6 வரக்கூடிய இடங்கள் இரண்டே: 3-ஆம் நெடுவரிசை, 8-ஆம் நெடுவரிசை. 7-ஆம் வரிசையிலும் அதே இரண்டு நெடுவரிசைகள்தான். நான்கு கட்டங்களையும் கோடிட்டு இணைத்தால் ஒரு செவ்வகம் கிடைக்கும்.

மேல் வரிசையில் 6 இடப்பக்கம் வந்தால், கீழ் வரிசையில் அது வலப்பக்கம்தான் வர முடியும். மேலே வலப்பக்கம் என்றால் கீழே இடப்பக்கம். எப்படி வந்தாலும், 3, 8 ஆகிய நெடுவரிசைகளுக்கான 6 இந்த நான்கு மூலைகளிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே, அந்த இரண்டு நெடுவரிசைகளிலும் மற்ற எல்லாக் கட்டங்களிலும் 6-ஐ அழியுங்கள். 5-ஆம் வரிசை, 3-ஆம் நெடுவரிசைக் கட்டத்தில் 1, 6 என்று இருந்தால், இப்போது அது 1. ஓர் எண்கூட நிரப்பாமல், வாய்ப்புகளை மட்டும் எடைபோட்டு இந்த விடைக்கு வந்திருக்கிறோம். முதல்முறை இது பிடிபடும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

தொடக்கநிலையில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நான்கு மூலைகளிலும் 6 தெரிந்தவுடன் எக்ஸ்-விங் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த இரண்டு வரிசைகளிலும் 6-க்கு மூன்றாவது இடம் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே அழிக்க வேண்டும்.

படி 5: எக்ஸ்-ஒய் விங்

முதல் வரிசையின் முதல் கட்டத்தில் 2, 5. அதே வரிசையின் 7-ஆம் கட்டத்தில் 2, 9. முதல் நெடுவரிசையின் 6-ஆம் கட்டத்தில் 5, 9. முதல் கட்டம் 2 ஆனால் 7-ஆம் கட்டம் 9 ஆகும். 5 ஆனால் கீழே உள்ளது 9 ஆகும். இரண்டில் ஒன்று நிச்சயம் 9. அந்த இரண்டுக்கும் பொதுவான கட்டம் 6-ஆம் வரிசையும் 7-ஆம் நெடுவரிசையும் சந்திக்கும் இடம். அங்கே 9 வரவே முடியாது.

ஒரு குறிப்பை நீக்கியவுடன் அடுத்த கடினமான உத்தியைத் தேடிப் போகாமல் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். அந்த ஒரே 9 அழிந்ததால், பக்கத்திலேயே புதிய ஜோடி எண்கள் உருவாகியிருக்கலாம்.