டிஜிட்டல் ஹாம் செட் வாங்கும் முன்

ஹாம் (அமெச்சூர்) ரேடியோ உரிமத்தோடு கால்சைன், அதாவது அழைப்புக் குறியீடு, கைக்கு வந்ததும் புதியவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எந்த டிஜிட்டல் ஹேண்டி (கையடக்க செட்) வாங்கலாம், சார்?" பழைய ஆட்கள் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். உரிமம் இல்லாமல் செட் வாங்கக் கூடாது, ஆன்டெனா மாட்டாமல் பட்டனை அழுத்தக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

ஊரில் எது ஓடுகிறது என்று பார்க்காமல் வாங்குவது

காசைத் தின்னும் தவறு இதுதான். டிஜிட்டல் செட் என்றால் எல்லாம் ஒன்றோடொன்று பேசும் என்று நினைக்கிறார்கள். பேசாது. டிஜிட்டல் முறைகள் பல. டி-ஸ்டார் ஜப்பான் அமெச்சூர் ரேடியோ சங்கம் உருவாக்கியது. ஐகாம் நிறுவனத்தின் செட்களில் அதிகம் பார்க்கலாம். சி4எஃப்எம் யேசு (Yaesu) நிறுவனத்தின் முறை. டி.எம்.ஆர் ஐரோப்பியத் தரநிலை, 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒன்றை இரண்டு டைம்ஸ்லாட்டாக (நேரத் துண்டாக) பிரித்து, ஒரே நேரத்தில் இரண்டு உரையாடல்களை ஓட்டும். ஒரு முறையில் பேசுவது மற்றொரு முறையின் செட்டுக்குப் புரியாது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கலர் திரை, ஜி.பி.எஸ் எல்லாம் உள்ள சி4எஃப்எம் ஹேண்டியை ஆசையாக வாங்கி வந்தார். அவர் வீட்டுக்கு எட்டும் ஒரே டிஜிட்டல் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் நிலையம்) டி.எம்.ஆர். உள்ளூர் நண்பர்களும் அதில்தான். இப்போது அந்த செட்டில் சாதாரண எஃப்.எம் மட்டும் பேசுகிறார். அதற்கு இதைவிட எவ்வளவோ மலிவான செட் போதும். விற்றவர் "எந்த ஊரில் பேசப் போகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிபாரிசு செய்தவர் வேறு ஊர்க்காரர். தன் கையில் இருந்ததையே நல்லது என்று சொல்லிவிட்டார். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

உள்ளூர் எஃப்.எம் நெட்டில் (குறித்த நேரத்தில் ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) செக்-இன் செய்து, ஊரில் எந்த முறை ஓடுகிறது என்று கேளுங்கள். யாரிடமாவது ஹேண்டியை இரவல் வாங்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் அறையிலிருந்தே பேசிப் பாருங்கள். மலை மேல் இருக்கும் ரிப்பீட்டர் உங்களுக்குக் கேட்கிறது என்பதால், உங்கள் 5 வாட் அதற்குக் கேட்கும் என்று பொருள் இல்லை. சிக்னல் குறைந்தால் எஃப்.எம்மில் இரைச்சலுக்கு நடுவே வார்த்தையைப் பிடித்துவிடலாம். டிஜிட்டலில் கடைசி வரை தெளிவாக இருக்கும், அப்புறம் ரோபோ குரல், அப்புறம் ஒன்றுமே இல்லை.

ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்பது

ஹாட்ஸ்பாட் என்பது வீட்டுக்குள் வைக்கும் குட்டி ரிப்பீட்டர் மாதிரி. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் எம்.எம்.டி.வி.எம் என்ற டிஜிட்டல் ரேடியோ போர்டு மாட்டினால் வீட்டு இணையம் வழியாக உலகம் முழுக்கப் பேசலாம். சி4எஃப்எம் செட்டிலிருந்து டி.எம்.ஆர் டாக்குரூப்புக்குக்கூட (எண் கொடுத்த பேச்சுக் குழு) மாற்றிக்கொள்ளலாம். சரி, இணையம் போனால்? 2004 சுனாமிக்குப் பின் போர்ட் பிளேரிலிருந்து ஹாம்கள் எச்.எஃப், அதாவது இணையம் இல்லாமலே நெடுந்தூரம் போகும் சிற்றலையில்தான் செய்தி அனுப்பினார்கள். பேரிடருக்காக வாங்குகிறேன் என்பவர்கள் ஹாட்ஸ்பாட்டைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுக்க வேண்டும்.

கோட்பிளக்கை மறப்பது

டி.எம்.ஆர் செட் பெட்டியிலிருந்து எடுத்ததும் பேசாது. அலைவரிசை, கலர் கோடு (ரிப்பீட்டரைத் திறக்கும் எண்), டைம்ஸ்லாட், டாக்குரூப், உங்கள் டி.எம்.ஆர் ஐ.டி எல்லாவற்றையும் கோட்பிளக் என்ற அமைப்புக் கோப்பில் நிரப்பி செட்டில் ஏற்ற வேண்டும். கலர் கோடு தவறினால் ரிப்பீட்டர் திறக்காது. நீங்கள் பார்க்கும் அதே மாடலை உங்கள் ஊரில் வைத்திருப்பவர் யார் என்று விசாரியுங்கள். அவருடைய கோட்பிளக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

டயர் 1 மட்டும் உள்ள மலிவு செட்

வேண்டாம். டயர் (tier) என்பது டி.எம்.ஆர் தரநிலையின் படிநிலை. ரிப்பீட்டருக்கு டயர் 2 தேவை.

என்கிரிப்ஷன்

பேச்சைப் பிறருக்குப் புரியாமல் மறைக்க ஹாம் அலைவரிசையில் அனுமதி இல்லை. அணைத்து வையுங்கள்.

எட்டும் தூரத்தில் டிஜிட்டல் ரிப்பீட்டரே இல்லையென்றால்

இப்போதைக்கு எஃப்.எம் டூயல் பேண்ட் (இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் பேசும்) செட் வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல கோஆக்ஸ் கேபிளும் மொட்டை மாடிக்கு ஒரு ஆன்டெனாவும் வாங்கலாம். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் அரை மீட்டர்தான். நிமிர்ந்த ஒரு கம்பியும் கீழே விரிந்த சில கம்பிகளும் கொண்ட கிரவுண்ட் பிளேன் ஆன்டெனாவை வீட்டிலேயே செய்துவிடலாம்.