மனநோய் மாத்திரை: புதிதாகத் தொடங்கியவர்கள் செய்யும் தவறுகள்

என் தம்பி மனநோய்க்கு மாத்திரை எடுக்கத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. இப்போது புதிதாகத் தொடங்கியவர்களின் குடும்பத்தார் என்னிடம் பேச வருகிறார்கள். எங்கள் வீட்டில் அன்று நடந்த அதே தவறுகள் அவர்கள் வீட்டிலும் நடக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன். விட்டுப்போன மாத்திரைக்குச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது, மதுவோடு சேர்க்கக்கூடாது, அடுத்தவருடைய மாத்திரையை எடுக்கக்கூடாது என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சொல்லாமல் நிறுத்துவது

திடீரென்று நிறுத்தக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் நிறுத்துகிறார்கள், நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

நிறுத்திய மறுநாளே நோய் திரும்பினால் யாரும் இரண்டாவது முறை நிறுத்த மாட்டார்கள். அப்படி நடப்பதில்லை. சிலருக்கு முதல் சில நாளிலேயே தூக்கம் கெட்டு, குமட்டலும் பதற்றமும் வரும். ஆனால் பலருக்கு முதல் சில வாரங்கள் நன்றாகவே போகின்றன. காலையில் எழுந்திருக்க முடிகிறது, மந்தம் விலகுகிறது, முகத்தில் களை வருகிறது. "இத்தனை நாள் என்னைப் படுத்தியது இந்த மாத்திரைதான்" என்று அவருக்கே தோன்றும். வீட்டாரும் ஆமாம் போடுவார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து இரவுத் தூக்கம் குறையும். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லத் தொடங்குவார். அப்போது மாத்திரை நின்றுபோனது யார் நினைவுக்கும் வராது. வேலைச் சுமை, யாரோடோ சண்டை என்று வேறு காரணம் தேடுவார்கள்.

இதைவிட ஆபத்து, நிறுத்தியதை டாக்டரிடம் மறைப்பது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தான். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, அம்மா நகர்ந்ததும் துப்பிவிடுவான். யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல்கள் மறுபடி கேட்க ஆரம்பித்தன. "ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?" என்று டாக்டர் கேட்டார். "என் கையால்தான் கொடுக்கிறேன் டாக்டர்" என்றார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. இந்த அளவு போதவில்லை என்று நினைத்து டாக்டர் டோஸைக் கூட்டினார். அடுத்த முறையும் கூட்டினார். அப்புறம் ஒரு நாள், துப்பிய மாத்திரைகளை அம்மா பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பக்கத்திலேயே நின்று, வாயைத் திறந்து காட்டச் சொல்லி, கூட்டிய டோஸை அப்படியே விழுங்க வைத்தார். உடம்பில் அந்த மருந்தே இல்லாத பையனுக்கு ஒரே நாளில் முழு டோஸ். சில நாளில் அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண்கள் மேலே செருகி நின்றன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் மாத்திரை என்றாலே அவனுக்குப் பயம் என்றாகிவிட்டது. அந்தப் பயம் போக வெகுகாலம் பிடித்தது.

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. காரணம், அவன் பிடிவாதத்தால் துப்பவில்லை. அவனுக்கு மார்பு வீங்கி வலித்திருக்கிறது. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவை புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும். அதனால் ஆண்களுக்கு மார்பு பெருக்கலாம், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம், பால் கசியலாம், இருவருக்குமே உடலுறவில் நாட்டம் போய்விடலாம். வயசுப் பையன் இதை அம்மா பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வான்? அவனைத் தனியாக உட்கார வைத்து ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கும். டோஸைக் குறைத்திருக்கலாம், அல்லது புரோலாக்டினைப் பொதுவாகக் கூட்டாத அரிபிப்ரசோலுக்கு மாற்றியிருக்கலாம். எதுவுமே நடக்காமல், எல்லோரும் "சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால் கூடப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் அவரைக் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள். வீட்டில் "சாப்பிட்டாயா?" என்பதோடு நிறுத்தாமல், "இந்த மாத்திரை உன்னை என்ன செய்கிறது?" என்றும் கேளுங்கள். நிறுத்தியிருந்தால், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, எத்தனை நாளாக எடுக்கவில்லை என்பதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த டோஸை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை நீங்களாகத் தொடங்கவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம், வலிப்பு வரலாம். பெரும்பாலும் 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு வருவார்கள். உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

மாத்திரையை விட வேண்டும் என்று ஆசைப்படுவது தவறில்லை. முதல் முறை நோய் வந்தவர்கள், அறிகுறிகள் அடங்கிய பிறகும் 1 முதல் 2 வருடமாவது தொடர வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அதற்குப் பிறகு குறைக்க விரும்பினால், டாக்டரோடு பேசிப் பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். போன முறை நோய் எப்படித் தொடங்கியது, முதலில் கெட்டது தூக்கமா, சந்தேகமா என்பதை எழுதி, கூட இருப்பவர் கையில் கொடுத்துவைக்க வேண்டும்.

நிலைகொள்ளாமல் நடப்பதை நோய் என்று நினைப்பது

மாத்திரை தொடங்கியதும் அல்லது டோஸ் கூடியதும் சிலரால் உட்கார முடியாது. கால் தானாக ஆடும், எழுந்து எழுந்து நடப்பார்கள், உள்ளுக்குள் யாரோ பிடித்து உலுக்குவதுபோல் இருக்கும் என்பார்கள். இதற்கு அகதிசியா என்று பெயர். இது மருந்தின் விளைவு. நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்து டோஸைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். தாங்க முடியாமல் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூடச் சிலருக்கு வருகிறது. எந்தத் தேதியில் மாத்திரை மாறியது, எந்தத் தேதியில் இந்தத் தவிப்பு தொடங்கியது என்று குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். டாக்டருக்கு வித்தியாசம் புரிய அது உதவும். குறைப்பதற்கு வழிகள் இருக்கின்றன.

சிகரெட்டை விட்டதைச் சொல்லாமல் இருப்பது

சிகரெட் புகை, குளோசபினையும் ஓலான்சபினையும் கல்லீரல் வேகமாகக் கரைத்துத் தள்ளும்படி செய்கிறது. புகைப்பவருக்கு அதற்கேற்ற டோஸைக் கொடுத்திருப்பார்கள். அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோ, மனம் மாறியோ சிகரெட்டை விட்டால், அதே மாத்திரையில் ரத்தத்தில் மருந்தின் அளவு சில நாளிலேயே ஏறிவிடும். தூங்கித் தூங்கி விழுவார், எச்சில் வழியும், குளோசபின் என்றால் வலிப்பும் வரலாம். சிகரெட்டை விடுவது நல்லதுதான். விடுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள். மறுபடி தொடங்கினாலும் சொல்லுங்கள். வேலை செய்வது புகைதான், நிகோடின் இல்லை. அதனால் நிகோடின் பட்டையோ சூயிங்கமோ எடுத்தாலும் இதே கதைதான்.

வெறும் வயிற்றில் லுராசிடோன்

லுராசிடோன் என்ற மனநோய் மாத்திரையைக் குறைந்தது 350 கலோரி சாப்பாட்டோடு எடுக்காவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது.

மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது

செய்யாதீர்கள். விழுங்க முடியவில்லை என்றால் வேறு வடிவம் கேளுங்கள்.

எடை ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

ஓலான்சபினிலும் குளோசபினிலும் முதல் சில வாரங்களிலேயே பசி கட்டுக்கடங்காமல் போகலாம். தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எழுதி வைத்தால்தான் 3 மாதம் கழித்து ஒப்பிட ஏதாவது இருக்கும். ஏறிய எடையை இறக்குவது மிகவும் கஷ்டம். அதை வைத்து அவரைக் கேலி செய்யாதீர்கள், மாத்திரையை விடுவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

மலச்சிக்கலையும் காய்ச்சலையும் சாதாரணமாக விடுவது

குளோசபின் குடலின் அசைவைக் குறைக்கும். வயிறு உப்பி, வலித்து, சில நாளாக மலம் போகவில்லை என்றால் அது உயிரைக்கூட எடுக்கலாம். வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். அதே மருந்தில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். 1975-ல் பின்லாந்தில் இப்படிச் சிலர் இறந்த பிறகுதான் இந்த மருந்தைப் பல நாடுகளில் நிறுத்தினார்கள். ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கித்தான் பின்னர் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இங்கே சொன்ன மனநோய் மருந்துகளில் எதை எடுப்பவராக இருந்தாலும், கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல் விறைத்து, வியர்த்து, பேச்சில் குழப்பம் தெரிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மறுநாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன மருந்து, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதை உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்லுங்கள்.