சிபிஎல் வாங்கியாச்சு, முதல் வேலைக்கு என்ன வழி?

இருநூறு மணி நேரம் பறந்து, டிஜிசிஏ (விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) தேர்வுகள், ஆர்டிஆர் (ரேடியோவில் பேசுவதற்கான உரிமம்), மல்டி இன்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) எல்லாம் முடித்து, சிபிஎல் என்கிற வணிக விமானி லைசென்ஸையும் வாங்கிவிட்டு "அக்கா, அடுத்து என்ன பண்றது?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் விருதுநகர் பக்கம். ஒரு பயிற்சிப் பள்ளியில் இன்ஸ்ட்ரக்டராக இருந்துவிட்டு, இப்போது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆஃபீசராக (துணை விமானியாக) சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் என்று பறந்துகொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த வழி இந்தியாவில் வேலை தேடும் வழிதான்.

முதலில் நிலவரம். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பயிற்சிப் பள்ளி விளம்பரங்கள் இந்த எண்களைக் காட்டித்தான் "பைலட் பஞ்சம்" என்கின்றன. அந்தப் பஞ்சம் பெரும்பாலும் கேப்டன்களுக்கு. துணை விமானி உட்காரும் வலது சீட்டுக்கு வரிசை நீளம். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. இரண்டு முறையும் டைப் ரேட்டிங்கும் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) அனுபவமும் உள்ளவர்கள் வேலை தேடி வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் புது சிபிஎல்காரர்கள் நிற்க வேண்டியிருந்தது. அதனால் காத்திருப்பு உண்டு என்று வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடன் தவணையை அதற்கேற்றபடி வங்கியில் பேசி வையுங்கள். காத்திருக்கும் காலத்தில் எந்த நாள் கூப்பிட்டாலும் பறக்கத் தயாரான ஆளாக இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

தயாராக இருப்பது என்றால் முதலில் காகிதம். வேலை அறிவிப்பு வந்தால் சில நாட்களில் மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் மெடிக்கல் காலாவதியாகி இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. விமானிகளுக்கான கிளாஸ் 1 மெடிக்கல் சான்று 40 வயதுக்குக் கீழே 12 மாதம் செல்லும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் 12 மாதம்தான். ஆங்கிலத் தேர்ச்சியில் லெவல் 4 வாங்கியிருந்தால் மூன்று ஆண்டு, லெவல் 5 என்றால் ஆறு ஆண்டு. இந்தத் தேதிகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். மெடிக்கலுக்கு நாள் கிடைக்கத் தாமதமாகும், ஆகவே முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே தேதி கேளுங்கள்.

பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் சிஎஃப்ஐ (பள்ளியின் தலைமை இன்ஸ்ட்ரக்டர்) கையெழுத்து இருக்க வேண்டும், ஆன்லைன் லாக்புக்கில் ஏற்றிய நேரமும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய விமானிகள் கைதானார்கள். பறக்காத நேரத்தைப் பறந்ததாகக் காட்டிய கதைகளும் அப்போது வெளியே வந்தன. அதற்கப்புறம் காகிதங்களை ஆற அமரப் பார்க்கிறார்கள். நேர்முகத்தில் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, "இந்த 300 கடல்மைல் கிராஸ் கன்ட்ரியில் எங்கெங்கே இறங்கினீர்கள், அன்று வானிலை எப்படி?" என்று கேட்பார்கள். உண்மையில் பறந்தவருக்கு அது கதை சொல்வதுபோல வரும். ஆனாலும் ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது எல்லோரும் கேட்பது: சொந்தச் செலவில் ஏ320 டைப் ரேட்டிங் செய்யலாமா? என் கருத்து, வேலை உறுதி இல்லாமல் செய்யாதீர்கள். சிபிஎல்லுக்கே அரைக் கோடிக்கு மேல் போயிருக்கும். டைப் ரேட்டிங் என்றால் அதற்கு மேல் பல லட்சம். அதோடு முடியாது, பறக்காமல் உட்கார்ந்தால் அதை உயிரோடு வைத்திருக்க மறுபடியும் சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். நீங்கள் ஏ320 செய்து முடித்த நேரத்தில் ஏடிஆருக்கோ போயிங் 737-க்கோ ஆள் எடுத்தால் அது பயன்படாது. நிறுவனம் தேர்ந்தெடுத்து, எந்த விமானம் என்று சொன்ன பிறகு செய்யும் டைப் ரேட்டிங்தான் நல்லது.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை உதவி இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்குக்குப் போடுங்கள் என்பேன். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் இதை இரண்டாம் தர வேலையாக நினைக்கிறார்கள். புது பைலட்டுக்குச் சம்பளமும் கொடுத்து, பிஐசி நேரமும் (விமானத்துக்குப் பொறுப்பான விமானியாகப் பறக்கும் நேரம்) கொடுக்கிற வேலை நாட்டில் வேறு அதிகம் இல்லை. கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு வேண்டிய 1500 மணியும் இதில் சேரும். கோண்டியா, பாராமதி, ரேபரேலி என்று பயிற்சிப் பள்ளிகள் இருக்கிற ஊருக்குப் போய் இருக்க மனம் வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே கிடைப்பது மணிக்கணக்கு மட்டும் இல்லை. மாணவர் செஸ்னா 172-ஐ இறக்க வருகிறார், ரன்வே நெருங்குகிறது, மூக்கைத் தூக்க வேண்டிய நேரத்தில் தூக்கவில்லை. உங்கள் கை யோக்கை (விமானத்தைத் திருப்பும், தூக்கும் கைப்பிடி) தொடாமல் அதன் பக்கத்திலேயே இருக்கும். எப்போது வாயால் சொல்வது, எப்போது பிடுங்குவது என்று ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். சீக்கிரம் பிடுங்கினால் அவர் கற்றுக்கொள்ள மாட்டார், தாமதித்தால் முன் சக்கரம் போய்விடும். வலது சீட்டிலிருந்து இடது சீட்டுக்காரரைக் கவனித்து, சரியான நேரத்தில் வாய் திறக்கிற பழக்கம் ஏர்லைனில் முதல் நாளிலிருந்தே தேவைப்படுகிறது. தினமும் பத்துப் பேருக்கு ஸ்டால் (இறக்கை தூக்கு விசையை இழப்பது) என்றால் என்ன என்று விளக்கியவரை நேர்முகத்தில் அதே கேள்வி அசைக்காது.

இன்ஸ்ட்ரக்டர் வேலை பிடிக்காதவர்களுக்கு வேறு கதவுகளும் உண்டு. சார்ட்டர் (வாடகை விமான) நிறுவனங்களின் பட்டியலை டிஜிசிஏ இணையதளத்திலேயே வெளியிடுகிறார்கள். அதில் எந்த நிறுவனம் எந்த விமானம் வைத்திருக்கிறது என்று பார்த்து, சிறிய விமானங்கள் வைத்திருப்பவர்களுக்கு எழுதுங்கள். ஒடிசாவில் புவனேஸ்வரிலிருந்து கோராபுட் மாவட்டத்து ஜெய்ப்பூருக்கு செஸ்னா கேரவன் என்ற சிறு விமானத்தில் சேவை தொடங்கினார்கள். சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் அரசின் உடான் திட்டத்தில் வந்த இப்படிப்பட்ட சிறு சேவைகளையும் விடாதீர்கள். ரெஸ்யூமே ஒரே பக்கம் போதும். மேலே லைசென்ஸ், ரேட்டிங், மெடிக்கல் தேதி, மொத்த நேரம், பிஐசி நேரம், மல்டி இன்ஜின் நேரம். பள்ளிக்கூடத்துப் பரிசெல்லாம் கீழே இருக்கட்டும். முடிந்தால் நேரில் போங்கள். மும்பை ஜுஹூ விமானத்தளம் போன்ற இடத்தில் ஹேங்கரில் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது நூறு மெயிலுக்குச் சமம்.

இனி தேர்வு. எழுத்துத் தேர்வு பெரிய பயம் இல்லை. வானிலை, நேவிகேஷன், ரெகுலேஷன், டெக்னிக்கல் என்று நீங்கள் படித்ததுதான், ஆனால் ஏடிபிஎல் அளவுக்கு ஆழமாக வரும். சிபிஎல் முடிந்த கையோடு ஏடிபிஎல் தாள்களையும் எழுதிவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். அப்புறம் கம்ப்யூட்டர் தேர்வு. ஜாய்ஸ்டிக்கால் ஒரு புள்ளியை நடுவில் வைத்துக்கொண்டே ஹெட்ஃபோனில் வரும் எண்களைக் கூட்டச் சொல்வார்கள். வாய்ப்பாடு மனத்தில் இருந்தால் பாதிச் சுமை இறங்கும்.

சிமுலேட்டரில் ஆட்டோபைலட் இல்லாமல், ஃப்ளைட் டைரக்டரும் (எப்படி ஓட்டுவது என்று திரையில் வழிகாட்டும் கருவி) இல்லாமல் ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னலைப் பின்பற்றி ரன்வேக்கு இறங்கும் முறை) பறக்கச் சொல்வார்கள். பெரிய விமானம் என்று மிரள வேண்டாம். உள்ளே போகும் முன் பிட்ச் (மூக்கின் கோணம்), பவர் எண்களைக் கேட்டு வாங்குங்கள், அதை வைத்து ட்ரிம் செய்யுங்கள் (கை அழுத்தம் இல்லாமலே விமானம் அந்த நிலையில் நிற்கும்படி சரிசெய்யுங்கள்). மூன்று டிகிரி சரிவுக்குத் தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் இறங்கும் வேகம் வந்துவிடும்: 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி, 140 நாட் என்றால் 700 அடி. பக்கத்தில் இருப்பவர் உயரம் தப்பினால் சத்தமாகச் சொல்லுங்கள், உங்களுக்கு அவர் சொன்னால் "திருத்துகிறேன்" என்று சொல்லித் திருத்துங்கள். ஐஎல்எஸ் ஊசி நடுவை விட்டு நகர்ந்ததற்காக யாரையும் ஒதுக்குவதில்லை. நகர்ந்ததைப் பார்க்காமல் இருப்பவரைத்தான் ஒதுக்குகிறார்கள்.

நேர்முகத்தில் ஒரு கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கும். "பெங்களூரு 3000 அடி உயரம், இன்று 33 டிகிரி, டென்சிட்டி ஆல்டிட்யூட் சொல்லுங்கள்." டென்சிட்டி ஆல்டிட்யூட் என்பது காற்றின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் விமானம் உணரும் உயரம். அந்த 3000 அடியில் ஸ்டாண்டர்டு வெப்பம் 9 டிகிரி. 24 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி வீதம் 2880 அடி கூட்டினால் 5880 அடி. இதோடு நிறுத்தாதீர்கள், அடுத்து "அதனால் என்ன?" என்பார்கள். டேக்-ஆஃப் ஓட்டம் நீளும், ஏற்றம் குறையும், அதே காட்டும் வேகத்தில் உண்மை வேகம் கூடும் என்று நீங்களே தொடருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மரியாதை கூடும்.

இவ்வளவும் நடக்கும்போது "உள்ளே ஆள் இருக்கிறார், இத்தனை லட்சம் கொடுத்தால் சீட் உறுதி" என்று ஒருவர் போன் செய்வார். உடனே வைத்துவிடுங்கள். அப்பா அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், பெரும்பாலும் அவர்களைத்தான் முதலில் பிடிக்கிறார்கள்.

தேர்வாகி ஆஃபர் லெட்டர் வந்ததும் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பாண்ட் (இத்தனை ஆண்டு வேலையில் இருப்பேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை ஆண்டு, நடுவில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும், அந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையுமா? டைப் ரேட்டிங் செலவு யாருடையது? முழுச் சம்பளம் சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்து லைனில் ரிலீஸ் ஆன நாளிலிருந்தா? இடையில் உதவித்தொகை உண்டா? பயிற்சியில் தேறாவிட்டால் இன்னொரு வாய்ப்பு தருவார்களா, அந்தச் செலவு யார் தலையில்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஊரில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.