பஃபரில் நிமிரும் உச்சி, ரத்தத்தில் படுப்பது ஏன்? நானோ உணரிகளில் மூளை வேதிப்பொருட்களை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) 10 மைக்ரோமோலார் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைக் கரைத்து, கிராஃபீன் பூசிய மின்முனையை உள்ளே விட்டு மின்னழுத்தத்தை ஏற்றினால் யாருக்கும் அழகான உச்சி கிடைக்கும்; டோபமின் ஆக்சிஜனேற்றம் அடையும்போது மின்னோட்டத்தில் எழும் மேடுதான் அது. அதே மின்முனை பிளாஸ்மாவிலோ (உறையாத ரத்தத்தின் திரவப் பகுதி) சிறுநீரிலோ இறங்கியதும் உச்சி தட்டையாகும், இடம் மாறும், சில சமயம் சந்தேகம் வரும் அளவுக்குப் பெரிதாகும். பழி பெரும்பாலும் நானோப்பொருள் மேல் விழுகிறது. கோளாறு அங்கே இருப்பது அரிது. மாதிரிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே உணரியைக் கட்டியதுதான் காரணம்.

எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கணக்குப் போடாதது

ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவில் கட்டற்ற டோபமின் மில்லிலிட்டருக்குச் சுமார் 30 பிகோகிராமுக்குள்தான், அதாவது 0.2 நானோமோலாருக்கும் கீழே. அதே பிளாஸ்மாவில் அஸ்கார்பிக் அமிலம் பல பத்து மைக்ரோமோலார், யூரிக் அமிலம் 200 முதல் 400 மைக்ரோமோலார். டோபமின் மூலக்கூறு ஒன்றுக்கு யூரிக் அமில மூலக்கூறுகள் பத்து லட்சத்துக்கும் மேல். "டோபமினும் அஸ்கார்பிக் அமிலமும் தலா 100 மைக்ரோமோலார் கலந்தோம், உச்சிகள் தனித்தனியாகப் பிரிந்தன" என்று காட்டும் தேர்வுத்தன்மைச் சோதனை இந்த விகிதத்தின் முன்னால் எதையும் நிரூபிக்காது.

சிறுநீர் கொஞ்சம் கைகொடுக்கும். ஒரு நாளில் வெளியேறும் டோபமின் ஏறத்தாழ 65 முதல் 400 மைக்ரோகிராம். ஒன்றரை லிட்டர் சிறுநீரில் அதைப் பரப்பினால் 0.3 முதல் 1.7 மைக்ரோமோலார் வரும். நல்ல கார்பன் மின்முனைக்கு எட்டக்கூடிய அளவுதான். ஆனால் யூரிக் அமிலம் இங்கே மில்லிமோலாரில் நிற்கிறது.

செரட்டோனினில் பொறி வேறு. ரத்தத்தில் உள்ள செரட்டோனின் ஏறக்குறைய முழுவதும் தட்டணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. ரத்தம் உறையும்போது அது வெளியே கொட்டும். அதனால் சீரத்தில் (ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் திரவம்) நூற்றுக்கணக்கான நானோமோலார் வரும், தட்டணு நீக்கிய பிளாஸ்மாவில் சில நானோமோலார் மட்டுமே இருக்கும். சீரத்தையும் பிளாஸ்மாவையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிட்டால், அளந்தது உறைதலைத்தான்.

குளூட்டமேட்டும் அசிடைல்கோலினும் மின்முனையில் நேரடியாக ஆக்சிஜனேற்றம் அடையாது. குளூட்டமேட்டுக்கு குளூட்டமேட் ஆக்சிடேஸ் வேண்டும். அசிடைல்கோலினுக்கு அசிடைல்கோலின்எஸ்டரேஸ், கோலின் ஆக்சிடேஸ் இரண்டும் வேண்டும். நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் அளக்கிறோம். நொதியில்லாத வெற்று நானோப்பூச்சு இவற்றுக்குச் சமிக்ஞை தந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

கரைசல் பழுப்பாவதைக் கவனிக்காதது

டோபமின் ஹைட்ரோகுளோரைடின் மூலக்கூறு எடை 189.64. 10 மில்லிமோலார் இருப்புக் கரைசலுக்கு 18.96 மி.கி. எடுத்து 10 மி.லி.க்கு நிரப்ப வேண்டும். இந்த இருப்பைப் பலரும் பிஎச் 7.4 பஃபரில் கரைத்துவிடுகிறார்கள். கரைந்துள்ள ஆக்சிஜன் அங்கே மெல்ல வேலையைத் தொடங்கும்: டோபமின் ஆக்சிஜனேற்றம் அடைந்து குவினோனாகி, வளைந்து, மெலனின் போன்ற பாலிமராகும். இளஞ்சிவப்பு தட்டினாலே அந்தக் கரைசல் முடிந்தது. இருப்பை 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் தயாரியுங்கள். பழுப்புக் குப்பி, பனிக்கட்டி, அன்றைக்குச் செய்தது அன்றைக்கே. பஃபருக்கு மாற்றுவது அளப்பதற்குச் சற்று முன்புதான்.

இதே வினை மின்முனை மேலும் நடக்கிறது. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுழற்சியிலும் பாலிடோபமின் படலம் படியும். ஒரே மின்முனையில் அளவுகளை ஏறுவரிசையில் அளந்துகொண்டே போனால், மேல் முனையில் கோடு வளைவது உணரி நிறைவடைந்ததாலா, அழுக்குப் படிந்ததாலா என்று பிரிக்க முடியாது. இறங்குவரிசையிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழாவிட்டால் அழுக்குதான்.

மேற்பரப்பு: வினையூக்கம் என்று பெயர் சூட்டும் அவசரம்

கிளாஸி கார்பனை 1.0, 0.3, 0.05 மைக்ரான் அலுமினா வரிசையில் தேய்த்து, நீரில் மீயொலியில் கழுவிய பிறகு, மேற்பரப்பு சுத்தமா என்று பார்க்க, பொட்டாசியம் குளோரைடில் ஃபெர்ரிசயனைடு சோதனை செய்வது வழக்கம். ஆக்சிஜனேற்ற, ஒடுக்க உச்சிகளுக்கு இடையேயான தூரம் 80 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் திரும்பத் தேய்க்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுப் பூச்சைப் போட்டால், அழுக்குக் கார்பனோடு புதுப் பூச்சை ஒப்பிடுகிறீர்கள். எந்தப் பூச்சும் ஜெயிக்கும்.

3 மி.மீ. விட்டமுள்ள மின்முனையின் பரப்பு 0.071 சதுர செ.மீ. மில்லிலிட்டருக்கு 1 மி.கி. செறிவுள்ள கார்பன் நானோகுழாய்க் கலவையில் 5 மைக்ரோலிட்டர் விட்டால் சதுர செ.மீ.க்கு 70 மைக்ரோகிராம் சேரும். சொட்டு விரைந்து உலர்ந்தால் துகள்கள் விளிம்பில் வளையமாக ஒதுங்கி, நடுவில் வெறும் கார்பன் தெரியும். ஈரப்பதமான மூடிய பெட்டிக்குள் மெதுவாக உலரவிட்டு, உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நானோகுழாய் மின்முனையில் உச்சி பெரிதாகிறது, ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் குறைகிறது, அஸ்கார்பிக் அமிலத்திலிருந்து விலகி நிற்கிறது. உடனே "மின்வினையூக்கம்" (பூச்சு வினையை வேகப்படுத்துகிறது) என்று எழுதிவிடுகிறோம். நுண்துளைகள் நிறைந்த படலத்துக்குள் கரைசல் சிக்கிக்கொள்ளும்போது மூலக்கூறுகள் வெகு தூரம் பரவ வேண்டியதில்லை. அந்த மெல்லடுக்கு விளைவு மட்டுமே உச்சியை இடம்பெயர்த்துவிடும், வினையின் வேகம் துளியும் மாறியிருக்காது. சோதிப்பது எளிது: விநாடிக்கு 10 முதல் 500 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தத்தை ஏற்றும் (அலகிடும்) வேகத்தை மாற்றுங்கள். உச்சி மின்னோட்டம் வேகத்தின் வர்க்கமூலத்தோடு நேர்விகிதமாக ஏறினால் பரவல். வேகத்தோடே நேர்விகிதமாக ஏறினால் மெல்லடுக்கு அல்லது ஒட்டிக்கொள்ளல்.

ஒட்டிக்கொள்வது குற்றமில்லை, டோபமினைத் திரட்ட அது உதவும். ஆனால் அப்போது காத்திருக்கும் நேரம் அளவீட்டின் ஓர் அங்கமாகிவிடுகிறது. பஃபரில் 60 விநாடி, சீரத்தில் 120 விநாடி என்று விட்டால் இரண்டு எண்களை ஒப்பிட வழியில்லை. இன்னொன்று, வாங்கிய நானோகுழாய்களில் இரும்பு, நிக்கல், கோபால்ட் எச்சம் இருக்கும். பெராக்சைடு சமிக்ஞைக்குக் குழாயைவிட அந்த உலோகமே காரணமாக இருக்கலாம்.

அஸ்கார்பிக் அமிலம் செய்யும் திருட்டு

பிஎச் 7.4-ல் டோபமின் நேர்மின்னூட்டம் கொண்டது, அஸ்கார்பேட்டும் யூரேட்டும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. பூச்சில்லாத கார்பனில் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி அகன்ற மேடாகத் தெரியும். உச்சிகளைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்பதே பரவலான நம்பிக்கை. முடியவில்லை. மின்முனையில் டோபமின் குவினோனாக மாறுகிறது. பக்கத்தில் இருக்கும் அஸ்கார்பேட் அந்தக் குவினோனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து மறுபடி டோபமினாக்கிவிடும். அதே டோபமின் திரும்ப ஆக்சிஜனேற்றம் அடையும். ஒரே மூலக்கூறு பலமுறை எண்ணப்படுகிறது. உச்சி டோபமினின் இடத்திலேயே நிற்கிறது, உயரத்தில் ஒரு பங்கு அஸ்கார்பேட்டினுடையது.

டோபமினை 5 மைக்ரோமோலாரில் நிறுத்திவைத்து, அஸ்கார்பிக் அமிலத்தை 0, 50, 100, 200, 400 மைக்ரோமோலார் என்று கூட்டுங்கள். டோபமின் உச்சி கூடவே ஏறினால் அந்த உணரி இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. மாதிரியில் அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் சேர்த்து அஸ்கார்பேட்டை முன்கூட்டியே அழிக்கலாம், அது தண்ணீரைத்தான் உண்டாக்கும். யூரிக் அமிலத்தை அழிக்க யூரிகேஸ் போட்டால் பெராக்சைடு உருவாகும் என்பதை மறக்க வேண்டாம்.

இது பழைய பாடமும்கூட. 1973-ல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ் குழு எலியின் மூளைக்குள் கார்பன் மின்முனையை வைத்து அளந்தது. அந்தத் தொடக்கக் கால அளவீடுகளில் தெரிந்த அலையில் பெரும்பங்கு அஸ்கார்பிக் அமிலம் என்று பின்னர் தெளிவானது.

நாஃபியான் என்ற எதிர்மின்னூட்டப் பாலிமரின் பூச்சு எதிர்மின் அயனிகளைத் தள்ளிவிடும். 0.5 சதவீதக் கரைசலில் 5 மைக்ரோலிட்டர் 3 மி.மீ. மின்முனைக்குத் தாராளம். அதற்கு மேல் போனால் டோபமினே உள்ளே வரத் திணறும். சிறுநீரின் பிஎச் 5 பக்கம் இறங்கினால் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதி மின்னூட்டம் இழந்து நாஃபியானைத் தாண்டி வந்துவிடும். நார்எபினெப்ரின், எபினெப்ரின், லெவோடோபா ஆகியவையும் டோபமினைப் போலவே கேட்டிகால் அமைப்பு (அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் உள்ள பென்சீன் வளையம்) கொண்டவை, உச்சி அதே இடத்தில்தான் வரும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவரின் மாதிரியில் இது சின்ன விஷயமில்லை.

மாதிரியைக் காப்பாற்றப் போட்டது, உணரியைக் கெடுப்பது

சிறுநீரில் கேட்டிகால்களைக் காக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பது சரி. ஆனால் யூரிக் அமிலம் படிகமாக வீழும், பிஎச்சும் மாறும். பிஎச் ஓர் அலகு குறைந்தால் டோபமின் உச்சி சுமார் 59 மில்லிவோல்ட் நேர்மின் பக்கம் நகரும். அளப்பதற்கு முன் பிஎச் மீட்டரை வைத்துப் பார்த்து 7.4-க்குக் கொண்டுவாருங்கள். ரத்தத்தில் சேர்க்கும் குளூட்டாதயோன் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும் தயோல் (கந்தகம் கொண்ட சேர்மம்). சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டும் மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையும். பாதுகாப்புப் பொருள் மட்டும் சேர்த்த, டோபமின் இல்லாத வெற்று மாதிரி ஒன்றை அளக்காமல் முடிவு எழுதாதீர்கள்.

ஸ்கிரீன் பிரிண்டட் (மையால் அச்சிட்ட) மின்முனைகளில், மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு முனை, கரைசலில் இருக்கும் குளோரைடையே நம்பியிருக்கிறது. மாதிரியை நீரால் பத்து மடங்கு நீர்த்தால் உச்சி 59 மில்லிவோல்ட் எதிர்மின் பக்கம் நகரும். அது டோபமின்தானா என்ற குழப்பம் பாதி இடத்தில் இதனால் வருகிறது.

தங்க நானோத்துகளின் நிற மாற்றத்தை நம்பும் அப்டாமர் (குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் டிஎன்ஏ இழை) முறைகளில் கண்ணே ஏமாற்றும். 13 நானோமீட்டர் தங்கத்துகள் சிவப்பாக இருக்கும், திரண்டால் நீலமாகும். பிளாஸ்மாவில் உள்ள சுமார் 140 மில்லிமோலார் சோடியமே சிட்ரேட் பூசிய துகளைத் திரட்டப் போதும். அதே பிளாஸ்மாவின் புரதங்கள் துகளைப் போர்த்திக்கொண்டு திரளவிடாமலும் தடுக்கும். இவை போதாதென்று, டோபமின் அப்டாமர் இல்லாமலே தங்கத்தில் நேரடியாக ஒட்டும். எழுத்துகள் கலைக்கப்பட்ட டிஎன்ஏ இழையை வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். அதுவும் நீலமானால் அப்டாமருக்கு அங்கே வேலையில்லை.

எண்கள் அழகாக வரும் விதம்

கண்டறியும் வரம்பை மூன்று சிக்மா வகுத்தல் சாய்வு என்று கணக்கிடுகிறோம். சிக்மா, அதாவது வெற்று அளவீடுகளின் சிதறல், ஒரே மின்முனையில், சுத்தமான பஃபரில் எடுத்தது. சாய்வு, கோட்டின் செங்குத்தான கீழ்ப்பகுதியில் எடுத்தது. விடை 2 நானோமோலார் என்று வரும், அளந்த மிகக் குறைந்த கரைசல் 500 நானோமோலாராக இருக்கும். அந்த 2 நானோமோலாரை யாரும் பார்த்ததில்லை. கணக்கில் வந்த வரம்புக்குப் பக்கத்தில் ஒரு கரைசலைச் செய்து, குறைந்தது ஐந்து தனித்தனி மின்முனைகளில் உச்சி வருகிறதா என்று பாருங்கள். ஒரே மின்முனையில் மூன்று முறை அளந்து போட்ட பிழைப்பட்டை, மின்முனைக்கு மின்முனை வரும் வேறுபாட்டைச் சொல்லாது.

சேர்த்த டோபமினில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்கும் மீட்புச் சோதனை இன்னும் மோசம். சீரத்தை 100 மடங்கு நீர்த்து, 20 மைக்ரோமோலார் டோபமின் சேர்த்து, 99 சதவீதம் மீண்டது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இயல்பான 0.1 நானோமோலாருக்கு அது 2 லட்சம் மடங்கு. நீர்த்த சீரம் ஏறக்குறைய பஃபர்தான். சேர்ப்பது மாதிரியில் ஏற்கனவே இருக்கும் அளவின் அரை, ஒன்று, இரண்டு மடங்காக இருக்கட்டும். சேர்க்கும் கன அளவு மொத்தத்தில் 2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அளவீட்டுக் கோட்டைப் பஃபரில் போடாமல், மாதிரிக்குள்ளேயே படிப்படியாகச் சேர்த்துப் போடுங்கள். பாதி மாதிரியை எச்.பி.எல்.சி.க்கு (பொருட்களைப் பிரித்து அளக்கும் திரவ நிறப்பகுப்பு முறை) அனுப்பி ஒப்பிட முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

அளவீட்டுக்கு முன்னும் பின்னும் 5 மைக்ரோமோலார் நியமக் கரைசலில் அதே மின்முனையை வைத்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் ஆல்புமின் உள்ள பிளாஸ்மாவிலிருந்து வெளியே வந்த மின்முனை பழைய உயரத்தைத் தராது. இறக்கம் 10 சதவீதத்தைத் தாண்டினால் இடையில் எடுத்த எண்களை நீக்கிவிட்டு, பெர்குளோரிக் அமிலத்தால் புரதத்தை வீழ்த்தி, மையவிலக்கில் சுழற்றி, பிஎச்சைத் திரும்பச் சரிசெய்து, புது மின்முனையில் மறுபடி அளக்க வேண்டும்.