வெட்டுத்துணியில தேடல் பை தைக்கலாம், மஞ்சாடிக்குரு போட்டு

நம்ம களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் எந்த தையல்கடையில கேட்டாலும் வெட்டுத்துணி ஒரு கவர் நிறைய சும்மாவே குடுப்பாங்க. அதுல பிள்ளைகளுக்கு ஒரு தேடல் பை தைக்கலாம். சின்ன தலையணை மாதிரி ஒரு பை, நடுவுல கண்ணாடி பிளாஸ்டிக் ஜன்னல், உள்ள மணிகளுக்கு நடுவுல சாவி, பட்டன், சோழின்னு பொருள்கள் ஒளிஞ்சிருக்கும், பிள்ளைங்க குலுக்கிக் குலுக்கி கண்டுபிடிக்கணும். பஸ்ல போகும்போது போன் கேக்காம இருப்பாங்க.

முதல்ல உள்ள என்ன நிரப்புறதுன்னு சொல்லிடறேன், அதுதான் முக்கியம். அரிசி வேண்டாம், நம்ம ஊரு ஈரத்துக்கு வண்டு வந்துரும். மஞ்சாடி மரத்தோட சிவப்பு விதை இருக்கே, அந்த மஞ்சாடிக்குருதான் பெஸ்ட், குருவாயூர் கோயில்ல உருளியில போட்டு பிள்ளைகளை கையால அளைய விடுவாங்களே அதேதான், வழவழன்னு இருக்கறதால குலுக்கினா சட்டுன்னு நகந்து பொருள் மேல வரும். ஆனா குன்றிமணிய மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க. மஞ்சாடி முழுசும் சிவப்பு, குன்றிமணி அதவிட சின்னது, ஒரு முனையில கருப்பு இருக்கும். அதுக்குள்ள இருக்கிறது அப்ரின்ங்கற கடுமையான விஷம், தோல் உடைஞ்ச குருவ மென்னு முழுங்கினா உயிருக்கே ஆபத்து. மஞ்சாடிய ஆனைக்குன்றிமணின்னும் சொல்றதால சிலபேர் ரெண்டையும் குழப்பிக்கிறாங்க, அதனால ஒவ்வொண்ணா பாத்துப் பொறுக்குங்க.

பொருள் ஒரு 15 போதும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல இருக்கட்டும், சிவப்பு வேண்டாம், கலர்ல கலந்துடும். இரும்புன்னா துரு பிடிக்கும், பித்தளைச் சாவி நல்லாருக்கும். காந்தம், பட்டன் பேட்டரி, கூர்மையானது எதுவும் கூடாது. எல்லாத்தையும் வெள்ளைப் பேப்பர்ல பரப்பி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

இனி தையல். 20 செ.மீ. சதுரமா ரெண்டு துணி, காட்டன்தான் நல்லது, பழைய கசவு முண்டுகூட ஆகும், மெலிசா இருந்தா ரெண்டு மடிப்பா போடுங்க. முன்துணி நடுவுல 9 செ.மீ. கட்டம் போட்டு, நடுவுலருந்து நாலு மூலைக்கும் வெட்டி, நாலு முக்கோணத்தையும் உள்பக்கம் மடிச்சு அயர்ன் பண்ணி மிச்சத்த ஒன்றரை செ.மீ. விட்டு கத்தரிச்சிருங்க. அயர்ன் வேலை இதோட முடியணும், பிளாஸ்டிக் வச்சப்புறம் பெட்டி பக்கத்துலயே வரக்கூடாது.

டைனிங் டேபிள்ல விரிக்கிற கண்ணாடி பிளாஸ்டிக் ஷீட்ல 12 செ.மீ. சதுரம் வெட்டி பின்னாடி வைங்க. குண்டூசி குத்தினா ஓட்டை அப்படியே நிக்கும், செலோடேப் ஒட்டிக்கங்க. தையல் நீளம் பெருசா வைங்க, பொடித்தையல் போட்டா பிளாஸ்டிக் அந்தக் கோட்டுலயே கிழிஞ்சு வந்துரும். பிளாஸ்டிக் மெஷின்ல ஒட்டிக்கிட்டு நகராம நின்னா அதுக்கும் மெஷினுக்கும் நடுவுல ஒரு பேப்பர் வச்சு சேத்துத் தைச்சு அப்புறம் கிழிச்சு எடுத்துருங்க. ஜன்னலச் சுத்தி ரெண்டு தடவை ஓட்டுங்க.

அப்புறம் ரெண்டு துணியையும் நல்ல பக்கம் உள்ள வச்சு, 1 செ.மீ. விட்டு சுத்தித் தைங்க, ஒரு பக்கம் நடுவுல 6 செ.மீ. திறந்து விடணும். இங்கயும் ரெட்டைத் தையல்தான். திருப்புறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெயில்ல போட்டா பிளாஸ்டிக் இளகி சுளுவா திரும்பும். முக்கால் பைக்கு மேல நிரப்பாதீங்க, குலுங்க இடம் வேணும். வாய மடிச்சு மெஷின்லயே ரெண்டு தையல் அடிங்க, கைத்தையல் நம்ப முடியாது.

அந்தப் போட்டோவ பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி பை மூலையில ஒரு ஜாண் நாடாவுல கட்டுங்க, அதுக்கு மேல நீளம் வேண்டாம், கழுத்துல சுத்திக்கும். பேரெல்லாம் தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதினா கேரளப் பக்கம் பாறசாலை அம்மச்சி வீட்டுக்குப் போனாலும் சேந்து விளையாடலாம்.

3 வயசுக்குக் கீழ உள்ளதுங்க கையில குடுக்காதீங்க. பெரிய பிள்ளைகளானாலும் அப்பப்ப தையல இழுத்துப் பாருங்க, ஒரு நூல் விட்டிருந்தாலும் உடனே வாங்கி வச்சு தைச்சுட்டுத்தான் திருப்பிக் குடுக்கணும். பைய தண்ணியில முக்காதீங்க, ஈரத்துணியால துடைச்சா போதும்.